ஊசிக்கு வைத்த பாரம்

இரணைமடுக் குளத்துத் தண்ணீரில் நெல் விளைத்துப் பணம் கண்ட ஒரு கமக்காரரை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் அருவருக்கிறது. நெற்றிவரை எண்ணெய் வழியும். எதைத் தொடுமுன்னும் சுட்டுவிரலை நக்கிக்கொள்வார். எங்கள் பக்கத்தில் இசைத்தட்டுப் பெட்டி அவரிடம் மட்டுமே இருந்தது. பள்ளிக்கூட வாத்தியாரான என்னிடமோ, வவுனியாவில் ஆசைப்பட்டு வாங்கிய ஒரேயொரு இசைத்தட்டு ஆறு மாதமாக அலுமாரியில் ஊமையாகக் கிடந்தது. ஒருநாள் அதை அவரிடம் கொண்டுபோனேன்.

“சுத்துற தட்டு நல்ல பாரம், மாஸ்ரர். அதாலை பாட்டு ஆடாது. மேலை றப்பர் விரிச்சிருக்கு, உங்கடை றெக்கோட் கீறுப்படாது.”

பெட்டியில் ஊசி பொருத்திய கம்பிக் கையின் பின்முனையில் ஓர் எடை இருந்தது. ஊசி மெத்தெனப் படிவதற்கான ஏற்பாடு அது என்று படித்திருந்தேன். அவரோ முன்முனையில், ஊசிக்கு மேலேயே, வலைக்குக் கட்டும் ஈயக்குண்டொன்றைக் கட்டியிருந்தார்.

“இது ஏன்?” என்றேன்.

“கலப்பை ஆழமாய்ப் போகாட்டி உழவு சரிவருமே?”

பாட்டோடு கரகரப்பும் எழுந்தது. ஊசியைச் சுற்றிக் கறுப்புத் தூள் சேர்ந்தது. என் இசைத்தட்டைத்தான் அது சீவிக்கொண்டிருந்தது. அவர் விரலை நக்கி, தூளை ஒற்றியெடுத்து, இடுப்பில் உடுத்திருந்த சாரத்தில் தேய்த்தார்.

“பாத்தீங்களே, எவ்வளவு ஊத்தை! இருங்கோ மாஸ்ரர், மற்றப் பக்கத்தையும் துப்புரவாக்கித் தாறன்.”

அத்தனை படித்த என் வாய் அப்போதாவது திறந்திருக்க வேண்டும். திறந்தது. “ஓம், பெரிய உபகாரம்” என்றது. தட்டை நானே புரட்டியும் வைத்தேன். இப்போது குமட்டும்போதெல்லாம், அது அவரை நினைத்தா என்னை நினைத்தா என்று எனக்குத் தெரிவதில்லை.