மாதம்மா கேட்டது கைதட்டல் அல்ல

மாதம்மா இறந்த செய்தி, அவர் கடைசிவரை எதிர்த்த தேன் நிறுவனத்தின் இரங்கல் விளம்பரமாகத்தான் என் கைப்பேசிக்கு வந்தது. ‘எங்கள் மலைத்தாய்க்கு அஞ்சலி’ என்று அவர் படத்துக்குக் கீழே போட்டிருந்தார்கள். பொம்மசந்திரா ஆலையில் அவரோடு வேலை செய்த உங்களுக்கும் அது வந்திருக்கும்.

சத்தியமங்கலம் மலையின் சோளகர் பழங்குடிப் பெண் அவர். பிழைப்புக்காக இங்கே வந்து, தேன் பாட்டிலில் அடைக்கும் நம் பிரிவில் சேர்ந்தார். ஒருநாள் புதிய லேபிள் வந்தது. கையை விரித்து ஆடும் மலைப்பெண் படம், அடியில் ஆங்கில வாசகம்.

“என்ன எழுதியிருக்குது, படி கண்ணு.”

‘சோளகர்களின் ஆசியோடு’ என்று எழுதியிருப்பதைச் சொன்னேன்.

“ஆசி குடுத்தது யாரு? இது எங்க காட்டுத் தேன், எங்க கிராமசபைக்குப் பாத்தியப்பட்டது. சபையே கூடலயே!” என்றவர் இயந்திரத்தை நிறுத்திவிட்டார்.

மேலாளர் ஓடிவந்தார். “உங்க ஜனங்களுக்குப் பெருமைதானேம்மா? ஃபாரினுக்கெல்லாம் போகுது.”

“பெருமைய நாங்க கேக்கல சார். நீங்க எங்களக் கேட்டீங்களா?”

மாதம்மாவின் வாயை அடைக்க நிர்வாகம் கண்டுபிடித்த வழி மரியாதை. நட்சத்திர ஓட்டலில் நடந்த அறிமுக விழாவுக்கு அழைத்து, மேடையில் ஆடச் சொன்னார்கள். அவர் ஆடவில்லை. மைக்கை வாங்கி, “எங்க பேரையும் தேனையும் எங்க சபை உங்களுக்குக் குடுக்கல. எடுத்தத நிறுத்துங்க” என்றார். தமிழ் தெரியாத அந்தக் கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. அம்மா நம்மை வாழ்த்துகிறார் என்று தொகுப்பாளினி ஆங்கிலத்தில் சொன்னாள். மறுநாள் மாதம்மாவின் பாஸ் செல்லாது என்று ஆலை கேட்டிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

மாதம்மா மலைக்குப் போய் ஊரைக் கூட்டினார். அனுமதி இல்லை என்று கிராமசபை தீர்மானம் போட்டது. அதிகாரிகளோ அடிவாரத்து அலுவலகத்தில், அந்த மலையைக் கண்ணால் பார்த்திராதவர்களை உட்காரவைத்து இன்னொரு கூட்டம் நடத்தினார்கள். அதற்கும் கிராமசபை என்றே பெயர். நிறுவனத்துக்கு ஒப்புதல் கிடைத்தது. “ஊரு கூடாம ஊரு எப்படி ஒத்துக்கும்?” என்று மாதம்மா ஒவ்வொரு அலுவலகமாகக் கேட்டார். பதில் சொல்ல யாருக்கும் நேரமில்லை. கேட்டுக்கொண்டே இருந்த அவரை நுரையீரல் நோய் கொண்டுபோய்விட்டது. தேன் இன்னும் கப்பலேறிக்கொண்டிருக்கிறது.

அவர் ஊரைக் கூட்டிய அன்று நானும் உடன் போயிருந்தேன். உதவிக்கு வந்தவள் என்ற உரிமையோடு, மரத்தடியில் கூடியிருந்தவர்களுக்கு நடுவில் போய் உட்கார்ந்தேன். மாதம்மா என் தோளைத் தொட்டு எழுப்பினார்.

“நீ அந்தப் பக்கம் இரு கண்ணு. இது எங்க சபை. நல்லவங்களுக்கும் இங்க பேச்சு இல்ல.”

முகம் சுருங்கிப்போய்த் தள்ளி நின்றேன். அவர்கள் பேசியது எதுவும் எனக்குக் கேட்கவில்லை. மாதம்மாவிடமிருந்து எனக்கென்று நான் வைத்திருப்பது, அன்று அவர் என்னை எழுப்பி அனுப்பிய அந்த மறுப்பைத்தான்.