மார்கழி வரை பொறுத்த அதாவுல்லா

ஜவ்வாது மலையடிவாரத்துக் கால்நடை ஆஸ்பத்திரியில் அட்டெண்டராக இருந்த அதாவுல்லாவின் விரல்கள் எப்போதும் மஞ்சளாக இருக்கும். சதைத்துண்டுகள் கெடாமல் ஊறவைக்கும் மருந்தின் நிறம் அது. சோப்புக்கும் போகாது, புளிக்கும் போகாது. சோறு போடும்போதெல்லாம் மனைவி பஷீரா சிரிப்பாள்.

"எட்டு வருசமாச்சு, மாப்பிள்ளைக்கு இன்னும் நலங்கு முடியலியே!"

அந்த எட்டு வருஷமும் வீட்டில் குழந்தை இல்லை. அதாவுல்லாவின் அம்மா கனீஸ் ஃபாத்திமா கண்ணமங்கலத்தில் ஒரு பெண்ணைப் பார்த்து வைத்திருந்தார். பஷீராவுக்கும் அது தெரியும். "அவ வந்தா வரட்டும். அடுப்பங்கரைய மட்டும் எனக்கு வுட்ருங்க" என்று ஒருநாள் துணி மடித்தபடியே சொன்னாள். அதாவுல்லாவுக்கு அன்று சோறு இறங்கவில்லை.

ஆஸ்பத்திரி டாக்டர் ராஜாக்கண்ணு ஆண் ஒட்டகத்தின் விதையை ஆராய்ந்துகொண்டிருந்தார். 1959 பக்ரீதுக்கு வாணியம்பாடியில் குர்பானி கொடுத்த ஒட்டகத்திலிருந்து ஒன்று கிடைத்தது. அது ஆனி மாத வெயில் காலம். இன்னொன்று அடுத்த மாசியில் வந்தது. மலைமேல் புதூர்நாட்டில் விளைந்த புளியை ஒட்டகத்தில் இறக்கிவிடலாம் என்று ஒரு வியாபாரி மலைப்பாதையில் ஓட்டிப்போக, அது வழுக்கி விழுந்து செத்துப்போனது.

இரண்டையும் மெழுகில் பதித்து, காகிதத்தைவிட மெல்லியதாகச் சீவி, சாயமேற்றியவர் அதாவுல்லாதான். மைக்ராஸ்கோப்பில் வளையம் வளையமாகத் தெரிந்தது. ஒவ்வொன்றும் குறுக்கே வெட்டுப்பட்ட ஒரு நுண்குழாய். மாசி ஒட்டகத்தின் வளையங்களில் ஓரத்திலிருந்து நடுவரை செல்கள் நெருக்கியடித்து நின்றன. நடுவில் வால் முளைத்த உயிரணுக்கள், அவற்றை ஊட்டி வளர்க்கும் உயரமான தாதிச் செல்களில் தலை புதைத்துக்கொண்டிருந்தன. ஆனி ஒட்டகத்தின் வளையங்கள் சுருங்கி, நடுவில் ஏறக்குறைய வெறுமையாக இருந்தன. தாதிச் செல்கள் மட்டும் அப்படியே நின்றன.

"குளிர் வந்தா இது ரொம்பிடும். ஒட்டகத்துக்குப் பருவம் அதான்" என்றார் டாக்டர்.

அடுத்த ஆனியில், யாருமில்லாத ஒரு மதியம், அதாவுல்லா தன் விந்தையே ஒரு துளி கண்ணாடியில் வைத்துப் பார்த்தார். உயிரணு ஒன்றுகூட இல்லை. உடனே அந்த வெயில்கால ஒட்டகம் நினைவுக்கு வந்தது. அதைப் பிடித்துக்கொண்டார்.

"மார்கழி வரைக்கும் பொறுங்கம்மா" என்றார் வீட்டில்.

"மார்கழியில இன்னாடா உனக்கு? வாசல்ல கோலம் போடப் போறியா?" என்றார் அம்மா. பஷீராவும் சிரித்துவிட்டாள்.

மார்கழி வந்தது. மலை பகலிலும் பனிக்குள் கிடந்தது. அதாவுல்லா மறுபடியும் பார்த்தார். வெறும் கண்ணாடி.

டாக்டரிடம் போய் நின்றார். "சார், மனுசனுக்கும் ஒட்டகம் மாதிரி பருவம் உண்டா?"

"மனுசனுக்கு ஏது? வருசம் பூரா ஒரே மாதிரிதான்." சொல்லிவிட்டு டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். அப்புறம் தன் டீயை அவர் பக்கம் நகர்த்தி வைத்தார்.

இது வேறு யாருக்கும் தெரியாது. அதாவுல்லா வாயை மூடிக்கொண்டால் கண்ணமங்கலத்துப் பெண் வருவாள். இன்னும் எட்டு வருஷம் கழித்து அவளையும் ஊர் பஷீராவைப் பார்ப்பதுபோலப் பார்க்கும்.

வீட்டில் அம்மா, பெண் வீட்டுக்குக் கொண்டுபோக வெற்றிலை துடைத்துக்கொண்டிருந்தார்.

"அம்மா, போவாதீங்க. கோளாறு அவகிட்ட இல்ல. என்கிட்டதான். மைக்ராஸ்கோப்புல நானே ரெண்டு தடவ பாத்துட்டேன்."

வெற்றிலை அம்மாவின் மடியிலேயே கிடந்தது. "பஷீரா, இவனுக்குச் சோத்தப் போடும்மா" என்றார். மாமியார் அவளை 'அம்மா' போட்டுக் கூப்பிட்டு எத்தனையோ நாளாயிற்று.

பஷீரா தட்டை வைத்தாள். சிரிக்கவில்லை.

"அத ஏங்க போய் பாத்தீங்க? பாக்காமயே இருந்திருக்கலாம்ல?"

"எட்டு வருசமா எல்லாரும் உன்னத்தானே பாத்தாங்க."

அவள் செம்புத் தண்ணீரை எடுத்து, அவர் கையை இழுத்து, அந்த மஞ்சள் விரல்களை ஒவ்வொன்றாகக் கழுவிவிட்டாள். போகாது என்று இருவருக்குமே தெரியும். செம்பில் தண்ணீர் தீரும்வரை கழுவினாள்.