கஸ்தூரி கட்டும் கயிறு

டார்ச்சைப் பல்லில் கடித்தபடி, கம்ப்யூட்டரின் இருபத்துநாலு பின் பிளக்கைக் கண்ணருகே வைத்து ஒவ்வொரு துளையாகப் பார்க்கிறார் கஸ்தூரி. அப்புறம்தான் போர்டில் வைப்பார். "அமுக்கிக்கினே இருக்கக் கூடாதுங்க. கொக்கி எந்தப் பக்கம்னு பாத்து வெச்சா அதுவா உக்காரும்."

செங்கம் சாலையில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை. பௌர்ணமிக்கு ஊரே மலையைச் சுற்றும்போதும் ஸ்டூலை விட்டு இறங்காத மனுஷி. ஆனால் தான் பொருத்தும் ஒவ்வொரு பவர் பெட்டிக்கும், அதில் கழற்றி மாட்டும் வயர்களுக்கும் பெட்டிக்கொரு நிறமாகக் கோயில் கயிறு கட்டிவிடுவார். பக்தியா என்று ஒருமுறை கேட்டேன்.

"சாமிக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லீங்க. ஒரு பெட்டி வயரு இன்னொரு பெட்டியில நல்லாவே பொருந்தும். ஆனா உள்ள பின்னுங்க வரிசை வேற. அஞ்சு வோல்ட் போற எடத்துல பன்னெண்டு போயிடும். ஹார்ட் டிஸ்க் அவ்ளோதான். அடையாளத்துக்குக் கட்றேன்."

"இதைக் கஸ்டமரிடம் சொல்வதில்லையா?"

"யாரும் கேக்கலியே."

ஆயுத பூஜைக்கு மறுநாள் பிரின்டரோடு போயிருந்தேன். போட்டோ ஸ்டூடியோ மணிவேல் ஒரு ஹார்ட் டிஸ்க்கைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். கருகிய நாற்றம் கடையை நிறைத்தது.

"பூஜைக்கு ரெண்டு கம்ப்யூட்டரையும் பிரிச்சுத் தொடச்சேங்க. வயரெல்லாம் மறுபடியும் கரெக்டா பொருந்துச்சே!"

கஸ்தூரி டிஸ்க்கைப் பார்க்கவில்லை. மணிவேலின் மணிக்கட்டையே பார்த்தார். அங்கே சிவப்பும் கறுப்புமாகக் கயிறுகள்.

"வயர்ல இருந்து அவுத்ததுங்க. சாமிக் கயிறாச்சே, கீழ போடலாமா? அதான் கட்டிக்கினேன்."

கஸ்தூரி ஸ்டூலின் நுனிக்கு நகர்ந்தார்.

"படத்துக்குக் காப்பி இருக்கா?"

"இன்னொரு கம்ப்யூட்டர்ல இருக்குங்க. போன மாசம் எடுத்த கல்யாணம். அந்தப் பொண்ணோட அப்பா ஒரு வாரம் முன்னாடி தவறிட்டாரு. அவரு படம் கேட்டு வந்து உக்காந்திருக்குது. அன்புச்செல்வி இப்ப அந்தக் கம்ப்யூட்டரத்தான் ஆன் பண்ணப் போறா."

கஸ்தூரி மணிவேலின் போனைப் பிடுங்கி அவர் மனைவிக்கு அடித்தார். "அன்பு, சுவிட்ச்சத் தொடாத! அதுலயும் வயரு மாறியிருக்கும், கைய எடு!"

ஸ்பீக்கரில் அன்புச்செல்வியின் குரல் வந்தது.

"விரலு அது மேலதாங்க இருக்குது. இன்னும் அமுக்கல."

கஸ்தூரி ஸ்டூலிலிருந்து இறங்கி ஓடினார். இரண்டு தெரு தள்ளி ஸ்டூடியோ. இரண்டு கம்ப்யூட்டர்களின் வயர்களையும் உருவி, மீட்டர் வைத்து ஒவ்வொரு பின்னாகப் பார்த்து, உரிய வயர்களை மாட்டினார். திரை விழித்தது. மாலையும் கழுத்துமாக நின்ற மகளின் பக்கத்தில் அப்பா சிரித்துக்கொண்டிருந்தார். அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

கஸ்தூரி கயிற்றுக்காக மணிவேலிடம் கையை நீட்டினார். அவர் ஒரு சிவப்புக் கயிற்றை அவிழ்த்து, பழக்கத்தில் கண்ணில் ஒற்றிக்கொண்டு கொடுத்தார்.

கஸ்தூரி அதை வாங்கிச் சற்று நேரம் பார்த்தார். பிறகு தானும் கண்ணில் ஒற்றிக்கொண்டு, வயரில் கட்டினார்.