எல்லா மிஷினும் ஆஃப்

ஆயுத பூஜை விடுமுறை முடிந்து லேப் கதவைத் திறந்ததும் எனக்கு முதலில் உறைத்தது, சத்தம் இல்லாததுதான். எங்கள் எஃப்.டி.ஐ.ஆர். மிஷின் எப்போதும் மெல்லிசாக முனகிக்கொண்டே இருக்கும். அன்று ஊமையாகக் கிடந்தது. பக்கவாட்டில் சந்தனம், குங்குமம். தலையில் வாடிய சாமந்தி. சுவரில் சுவிட்ச் ஆஃப், ஏசியும் ஆஃப். வெளியே நாலு நாளாக விடாத மழை.

அடையாறில் ஒரு கல்லூரியின் வேதியியல் துறை அது. நான் டெக்னிக்கல் அசிஸ்டென்ட். ரிட்டையராக ஒன்றரை வருஷம் பாக்கி. இந்த மிஷின், ஒரு பொருளுக்குள் அகச்சிவப்புக் கதிரைச் செலுத்தி, அது எதனால் ஆனது என்று கோடு போட்டுக் காட்டும். அதன் வயிற்றுக்குள் பீம் ஸ்ப்ளிட்டர் என்று வட்டமாக ஒரு தகடு உண்டு. பார்க்கத்தான் கண்ணாடி, உண்மையில் உப்பு. நம் சமையல் உப்புக்கு ஒன்றுவிட்ட தம்பி. ஈரக் காற்று பட்டால் பூத்து மங்கிவிடும். அதனால் வேலை இருக்கிறதோ இல்லையோ, மிஷினை ஆஃப் செய்யவே கூடாது. கரண்ட் ஓடினால் உள்ளே இளஞ்சூடு இருக்கும், ஈரம் அண்டாது. கட்டடம் முழுக்க நாங்கள் வியர்த்து வழிவோம், அவருக்கு மட்டும் இருபத்து நாலு மணி நேரமும் ஏசி. அதனால் அவருக்கு நான் வைத்த பெயர் மாப்பிள்ளை. தினமும் காலையில் ரீடிங் எடுக்கும்போது, "என்ன மாப்பிள்ளை, ராத்திரி நல்ல தூக்கமா" என்று கேட்பேன். வெட்கமாகத்தான் இருக்கிறது சொல்ல. பாசம் வைத்துவிட்டேன், என்ன செய்ய.

சுவிட்சைப் போட்டு, சூடேற விட்டு, கதிர் எவ்வளவு பலமாக வருகிறது என்று எனர்ஜி ரீடிங் பார்த்தேன். பாதிக்கும் கீழே. உள்ளே தகடு பூத்துவிட்டது.

ஸ்டெல்லா அப்போதுதான் துடைப்பத்தோடு உள்ளே வந்தாள். லேப் அட்டெண்டர், காண்ட்ராக்ட் ஆள், ஆறு வருஷமாக எங்களோடு இருப்பவள். வீடு பட்டினப்பாக்கம், கருவாடு விற்கிற குடும்பம். அந்த வீட்டில் மாதம் தவறாமல் வருவது அவள் சம்பளம் ஒன்றுதான். மாதாவுக்கு மெழுகுவத்தி ஏற்றுகிறவள். ஆனால் ஆயுத பூஜைக்கு எங்கள் எல்லோரையும் விட அக்கறையாகப் பொட்டு வைப்பாள். பூஜை வைத்த மிஷினுக்கு மறுநாள் வரை ஓய்வு தரவேண்டும், தொடக்கூடாது என்பதில் கறாராக இருப்பாள்.

"யாரு இதை ஆஃப் பண்ணினது? கண்ணு தெரியாதா உனக்கு? பல லட்சம் ரூபாய் மிஷின்டீ இது." வராந்தாவில் மாணவர்கள் நின்று பார்த்தார்கள். எனக்குக் கோபம் வந்தால் வாய் நிற்காது. அவள் குனிந்து பெருக்கத் தொடங்கினாள்.

எச்.ஓ.டி. வந்து பார்த்தார். "மேடம், யார் ஆஃப் பண்ணாங்கன்னு ரிப்போர்ட் எழுதிக் குடுங்க. காண்ட்ராக்ட் ஸ்டாஃப்தானே, ஏஜென்சில சொல்லி வேற ஆளை அனுப்பச் சொல்லிடலாம்."

மத்தியானம் ஈக்காட்டுத்தாங்கலிலிருந்து சர்வீஸ் இன்ஜினியர் வந்து மூடியைத் திறந்தார். ஈரத்தை உறிஞ்ச வைத்திருந்த சிலிக்கா ஜெல் பைகளை எடுத்து நீட்டினார். நீலமாக இருக்கவேண்டியது ரோஸ் ஆகியிருந்தது. "இது நாலு நாள்ல ஆனதில்ல மேடம். எப்ப மாத்துனீங்க?" மாற்றவேண்டும் மாற்றவேண்டும் என்று தள்ளிப்போட்டது நான்தான். நைட்ரஜன் விட்டு உலர்த்திப் பார்க்கலாம், தேறினால் உங்கள் அதிர்ஷ்டம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

ரிப்போர்ட் எழுத உட்கார்ந்தேன். "அட்டெண்டர் கவனக்குறைவாக" என்று எழுதிவிட்டேன். பொய் சொல்லவில்லை என்று என்னையே சமாதானம் செய்துகொண்டும் இருந்தேன்.

அப்போது ஸ்டெல்லா வந்து மேசை மேல் ஒரு துண்டுச் சீட்டை வைத்தாள். மற்ற வருஷங்களில் பூஜை முடிந்ததும் சுவிட்சுகளை நானே பார்த்து அணைப்பேன். இது இந்த வருஷம், பூஜைக்கு முந்தின நாள் தி. நகர் போகிற அவசரத்தில் நான் எழுதிக் கொடுத்தது. பூ, சந்தனம், பொரி, கடலை. கடைசி வரி, என் கையெழுத்தில்: பூஜை முடிஞ்சதும் எல்லா மிஷினும் ஆஃப்.

அந்த வரியை எழுதும்போது மாப்பிள்ளை என் நினைவிலேயே இல்லை.

"காலைலயே இதை ஏன் காட்டல?"

"அம்மாம் பேரு நின்னுகினு இருந்தாங்க. அவங்க முன்னாடி எப்படி மேடம் காட்டறது?" மாப்பிள்ளை இருந்த பக்கம் கை காட்டினாள். "அதை ஏன் மேடம் ஆஃப் பண்ணக்கூடாது? அதுக்குள்ள இன்னா கீது?"

"உப்பு."

அவள் முகம் மாறியது. "உப்பா? இதை அன்னிக்கே ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் சுவிட்ச் கிட்டயே போயிருக்க மாட்டேனே. மழ வந்தா உப்பு நீர்த்துக்கும்னு எனக்குத் தெரியாதா? வூட்டுல உப்பு மூட்டைய பாலித்தீன் சுத்தி அடுப்பாண்ட வெச்சிகினு கீறோம்."

ஆறு வருஷம். மிஷினைத் துடைக்கிறவளுக்கு எதற்கு இதெல்லாம் என்று நினைத்திருக்கிறேன். புத்தியில்லாதவள் நான்தான்.

ரிப்போர்ட்டைக் கிழித்தேன். சீட்டை இணைத்து, சிலிக்கா ஜெல் விஷயத்தையும் சேர்த்து, என் தவறு என்று எழுதிக் கொடுத்தேன். "ரிட்டையராகிற நேரத்துல மெமோ வாங்கப் போறீங்களா மேடம்?" என்றார் எச்.ஓ.டி. "குடுங்க சார்" என்றேன். கொடுத்தார். ஸ்டெல்லாவின் வேலை தப்பியது.

மாப்பிள்ளையும் மூன்று நாளில் ஒருமாதிரி தேறிவிட்டார். பழைய ரீடிங் வரவில்லை, ஆனால் வேலைக்கு ஆகும்.

அடுத்த ஆயுத பூஜைக்கு ஸ்டெல்லா முதல் குங்குமத்தை மிஷினுக்கு வைக்கவில்லை, அதன் சுவிட்சுக்கு வைத்தாள். புதிதாகச் சேர்ந்திருந்த ஆராய்ச்சி மாணவர்களைக் கூப்பிட்டு நிறுத்தினாள்.

"பாத்துக்கோங்க. உள்ள உப்பு கீது. கரண்ட் நின்னா ஈரம் ஏறும், ஈரம் ஏறினா உப்பு போச்சு. பொட்டு வெச்ச சுவிட்சுல எவனும் கை வெக்கக்கூடாது. மேடமா இருந்தாலும் சரி."

மாணவர்கள் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் தலையாட்டினேன்.