மூடிய காப்பு

தமிழரசுவின் வலது மணிக்கட்டில் கிடந்த ஐம்பொன் காப்பு, மாங்காட்டுக் கோயில் வாசலில் வாங்கியபோது வாய் திறந்துதான் இருந்தது. மனைவி ரேகாவுக்கு முதல் கரு கலைந்ததும் வேண்டிக்கொண்டு போட்டது. அது கையில் இருக்கும்போதே இரண்டாவதும் கலைந்தது. பாடிப் பக்கம் ஒரு பட்டறையில் கொடுத்து வாயைப் பற்றவைத்து மூடி, எண்ணெய் தடவி மறுபடி கையில் ஏற்றிக்கொண்டான். அதற்குப் பிறகு ரேகா முழுகாமல் இருந்தாள். இந்த முறை கரு நின்றது. மூடிய காப்புதான் காத்தது என்று அவனுக்குள் பதிந்துவிட்டது.

ஆறாவது மாதத்தில், மண்ணூர்பேட்டைக் கம்பெனியில் அவனைக் காயில் மிஷினுக்கு மாற்றினார்கள். வளையமாக வளைத்த தாமிரக் குழாய்தான் காயில். நடுவே இரும்புத் தண்டை நிறுத்திப் பெடலை மிதித்தால், நெருப்பே இல்லாமல் தண்டு செக்கச்செவேலென்று பழுக்கும்.

ஃபோர்மேன் கோதண்டம் வந்தவுடனே காப்பைப் பார்த்துவிட்டார்.

“இன்னா நைனா, கல்யாணத்துக்கா வந்துகீற? கழட்டு அத்த.”

“வேண்டுதல் அண்ணாத்தே. கொழந்த பொறக்கற வரைக்கும் கழட்ட மாட்டேன்.”

“அப்ப ரம்பத்தால அறுத்து வாயத் தொறந்துடு. கைலயே கெடக்கட்டும்.”

“தொறந்து கெடந்தப்பதான் ஒண்ணு போச்சு.”

“அட, கேளுடா. காயில்ல கரண்டு வேகமா மாறிக்கினே கீது. பக்கத்துல மூடின வளையம் எது வந்தாலும், தொடாமலே அதுக்குள்ளயும் கரண்டு ஓடும். வாய் தொறந்து இருந்தா சுத்தி ஓட வழியில்ல. புரிதா?”

புரிந்ததாகத் தலையாட்டினான். மறுநாள் காப்பு முழுக்கக் கறுப்பு இன்சுலேஷன் டேப் சுற்றி, மேலே முழுக்கைச் சட்டையைப் பொத்தான் போட்டு வந்தான். கழற்றிவிட்டான் என்று கோதண்டம் நினைத்துக்கொண்டார். கரண்டு இனி உள்ளே வராது என்று இவன் நினைத்துக்கொண்டான். வெளியிலிருந்து வருவதைத்தான் டேப் தடுக்கும். வளையத்துக்குள்ளேயே உண்டாவதை அது என்ன செய்யும்?

மணிக்கட்டு அவ்வப்போது சுட்டது. பழுத்த தண்டின் அனல் என்று விட்டுவிட்டான். ஒரு மத்தியானம் தண்டு சாய்ந்தது. கிடுக்கியை எடுக்கச் சோம்பல். பெடலிலிருந்து காலை எடுக்காமல், பழுக்காத நுனியைப் பிடித்து நிமிர்த்தக் காயிலை ஒட்டிக் கையை நீட்டினான்.

சுட்டதும் கையை உடனே இழுத்துக்கொண்டான். கொதிக்கும் காப்பும் கூடவே வந்தது. உருகிய டேப் தோலோடு ஒட்டியிருந்தது.

யாரோ பற்பசையோடு ஓடிவந்தார்கள். “தள்ளுய்யா, தண்ணி தொறந்து வுடு!” என்று கத்தி, கோதண்டம் அவன் கையைக் குழாயடியில் பிடித்தார். அது ஒன்றுதான் அன்று சரியாக நடந்தது.

மணிக்கட்டைச் சுற்றி முழு வட்டமாக வெந்திருந்தது. அப்படி வெந்தால் வீங்க இடமில்லாமல் ரத்த ஓட்டம் நெரிபடும். ஆஸ்பத்திரியில் காப்பை வெட்டி எடுத்தார்கள், இறுகிய தோலைக் கீறிவிட்டார்கள். கையைக் காப்பாற்றிவிட்டார்கள். வெந்துபோன தசைநார்களைக் காப்பாற்ற முடியவில்லை. விரல்கள் மடங்கவில்லை, பிறகும் மடங்கவே இல்லை.

மருந்து மயக்கம் தெளிந்து கண் விழித்ததும் கேட்டான், “காப்பு?”

“வெட்டிட்டாங்க,” என்றாள் ரேகா.

“எப்ப?”

“முந்தாநேத்து.”

அவன் அவள் வயிற்றையே பார்த்தான்.

“நல்லா ஒதைக்குது. சும்மா பாத்துக்கினு கெடக்காத, கஞ்சியக் குடி.”

குறித்த நாளில் பெண் குழந்தை பிறந்தது. சுகப்பிரசவம். வீட்டுக்கு வந்த அன்று ரேகா குழந்தையின் ஈரத்துணியை அவிழ்த்துவிட்டுச் சொன்னாள்.

“கால ரெண்டையும் தூக்கிப் புடி.”

“எந்தக் கைல?”

“நல்லா கீற கைல.”

அவன் இடது கையால் பிடித்தான்.