நான் நேராக்கிய கயிறு

சென்ற ஆண்டு மாசி மாதம், ஒரு சனிக்கிழமை மாலை. செஞ்சியில், ராஜகிரி மலை முழுதாகத் தெரியும் ஒரு பள்ளி மைதானத்தின் சிமென்ட் மேடையில் இது நடந்தது. நான் நில அளவையர். இருபத்தாறு வருடமாக இந்த வேலை. தினமும் நாட்குறிப்பு எழுதுகிற பழக்கமும் அதே இருபத்தாறு வருடமாக இருப்பதால், அன்றைக்கு நடந்ததை வரிசை மாறாமல் சொல்ல முடியும்.

சென்னையிலிருந்து நவீன நடனக் குழு ஒன்று வந்திருந்தது. ஆறு பேர். ஒரு சர்க்கஸ் கூடாரத்துக்குள் நடப்பதாக வேடிக்கையான நடனம். அந்தப் பள்ளியின் பி.டி. மாஸ்டர் என் நண்பர். விளக்குக் கம்பங்களை அளந்து நிறுத்த நீளமான டேப் வேண்டும் என்று கேட்டார். பகல் பதினொன்றரைக்கு முப்பது மீட்டர் டேப்போடு போனேன். கேட்டதை அளந்து கொடுத்தேன். கேட்காவிட்டாலும் மேடையின் உயரத்தையும் அளந்து வைத்தேன். நாலடி மூன்று அங்குலம். கீழே கருங்கல் தளம்.

குழுவில் கயிற்றின் மேல் நடப்பவளாக ஆடும் பெண்ணுக்கு முப்பது வயதிருக்கும். இடது முழங்காலில் உறை போட்டிருந்தாள். டீ குடிக்கும்போது அவளாகவே சொன்னாள். முழங்காலில் ஆபரேஷன் ஆகிப் பதினான்கு மாதம் ஆகிறதாம். அதன் பிறகு மேடை ஏறுவது இன்றுதானாம். இன்னொரு முறை விழுந்தால் ஆட்டத்தை மறந்துவிட வேண்டியதுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். டீ நன்றாக இருக்கிறது என்று சொல்லும் அதே குரலில் இதையும் சொன்னாள்.

மூன்று மணிக்குக் குழுவினர் எல்லோரும் சாப்பிடப் போனார்கள். டேப்பைச் சுருட்டிக்கொண்டு மேடையில் நான் மட்டும் இருந்தேன். கறுப்பு ரப்பர் விரிப்பின் மேல் வெள்ளைக் கோடு ஒன்று ஓடியது. மெல்லிய கயிற்றை வைத்து, அதன் மேல் வெள்ளை ஒட்டுநாடாவை ஒட்டியிருந்தார்கள். பின்பக்க மூலையில் தொடங்கிக் குறுக்காகப் பத்தடி வந்தது. பிறகு திடீரென வலது பக்கம் வளைந்து, ஓரத் திரைக்குள் போய் முடிந்தது. மொத்தம் பதினெட்டு அடி. பாதிக் கோடு ஒரு பக்கம், மீதி இன்னொரு பக்கம். அவசரத்தில் யாரோ கோணலாக ஒட்டிவிட்டார்கள் என்று நினைத்தேன்.

வளைவுக்கு அப்பால் இருந்ததை உரித்து, நூல் பிடித்து, முதல் பத்தடி போகும் திசையிலேயே மீதி எட்டு அடியையும் நேராக ஒட்டினேன். கயிறு மேடை விளிம்புக்கு நான்கு விரற்கடை முன்னால் வந்து முடிந்தது. நீளம் ஓர் அங்குலம்கூடக் குறையவில்லை. தள்ளி நின்று பார்த்தேன். மனதுக்கு நிறைவாக இருந்தது. ஒரு நல்ல காரியம் செய்ததாக நினைத்து யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் வீட்டுக்கு வந்தேன்.

மாலை மனைவியோடு மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தேன். வெயில் இறங்கி, மலை செம்மண் நிறத்திலிருந்து ஊதாவுக்கு மாறிக்கொண்டிருந்தது. கல்யாண ஊர்வல பேண்டு இசையை யாரோ பாதி வேகத்தில் ஓட்டினாற்போல ஒரு பாட்டு. பலூன் போன்ற சட்டை போட்ட பயில்வான் ஒரு தலையணையைத் தூக்க முடியாமல் திணறினான். கூச்சப்பட்ட சிங்கம் ஒன்று கூண்டை விட்டு வெளியே வர மறுத்தது. சாட்டை வைத்திருந்தவனோ அந்தச் சாட்டைக்கே பயந்து ஓடினான். எல்லாம் தண்ணீருக்கடியில் நடப்பது போல மெதுவாக நடந்தது. பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"இன்னாங்க இது, சர்க்கஸ்னு சொல்ட்டு ஒரு யானையக் கூட காணோம்" என்றாள் மனைவி. ஆனால் சிங்கத்தை விட்டு அவள் கண்ணை எடுக்கவில்லை.

ஆறு நாற்பதுக்கு அந்தப் பெண் வந்தாள். கண்ணைக் கட்டியிருந்தாள். கையில் ஒரு சின்னக் குடை. சிங்கம் அவளைக் கைப்பிடித்து அழைத்து வந்து, பின்பக்க மூலையில் கயிற்றின் தொடக்கத்தில் நிற்க வைத்துவிட்டு ஓடியது. தரையில் கிடக்கும் கயிற்றின் மேல், வானத்தில் நடப்பவள் போல அவள் நடக்கத் தொடங்கினாள். அவள் ஏறியிருக்கும் உயரத்தைப் பார்க்கப் பயந்து சிங்கம், பயில்வான், சாட்டைக்காரன் எல்லோரும் முதுகைத் திருப்பி முகத்தை மூடிக்கொண்டார்கள். கூட்டம் கொல்லென்று சிரித்தது.

அவள் உள்ளங்கால் கயிற்றைத் தடவித் தடவி வருவதைப் பார்த்தபோதுதான் எனக்கு விளங்கியது. அந்தக் கோடு அழகுக்காகப் போட்டதில்லை. அவளுக்குக் கண்ணே அதுதான். பத்தாவது அடியில் கயிறு அவளைத் திருப்பி ஓரத் திரைக்குள் கொண்டு சேர்த்திருக்க வேண்டும். பத்தாவது அடி வந்தது. அவள் திரும்பவில்லை. திரும்புவதற்கு அங்கே ஒன்றும் இல்லை.

கத்தினால் பதறிவிடுவாள். மேடையில் இருப்பவர்களோ முகத்தை மூடியிருக்கிறார்கள். நான் எழுந்தேன். "இன்னா பண்றீங்க, உக்காருங்க" என்று மனைவி சட்டையைப் பிடித்து இழுத்தாள். விடுவித்துக்கொண்டு, முன்வரிசையில் உட்கார்ந்திருந்தவர்களின் காலை மிதித்துக்கொண்டு போனேன். நான் ஒட்டிய கயிறு எந்த இடத்தில் முடியும் என்று எனக்கு அங்குல சுத்தமாகத் தெரியும். அதற்கு நேர் கீழே, மேடையை ஒட்டி நின்று, முழங்காலைக் கொஞ்சம் மடக்கித் தோளை விளிம்பு மட்டத்துக்குக் கொண்டு வந்தேன்.

அவள் வலது பாதம் வெறும் காற்றில் நீண்டது. விரல்கள் எதையோ தேடின. பிறகு என் இடது தோளில் இறங்கியது.

கூட்டம் கைதட்டியது. நானும் நடனத்தில் ஓர் ஆள் என்று நினைத்துவிட்டார்கள்.

"முன்னால இடமில்லம்மா. காலப் பின்னால எடுங்க" என்றேன்.

"யாரு?" என்றாள், உதடு அசையாமல்.

"சர்வேயருங்க."

ஒரு மூச்சு விடும் நேரம் அவள் அப்படியே நின்றாள். அந்த இடைவெளியில் பாட்டும் சிரிப்பும் எங்கோ மலைக்குப் பின்னால் கேட்பது போல் இருந்தது. பிறகு குடையைத் தலைக்கு மேல் விரித்து, ஒரு முறை தள்ளாடி, பாதத்தை எடுத்துப் பின்னாலேயே நடந்தாள். பதினெட்டு அடியும் பின்னால். தொடங்கிய மூலையை அடைந்ததும் சிங்கம் ஓடி வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டது.

நிகழ்ச்சி முடிந்ததும் என்னை மேடைக்கு அழைத்தார்கள். பி.டி. மாஸ்டர் மைக்கில், சமயத்தில் ஓடி வந்து ஒரு கலைஞரைக் காப்பாற்றியவர் என்று என்னைப் பற்றிப் பேசினார். பொன்னாடையை அந்தப் பெண்ணின் கையில் கொடுத்துப் போர்த்தச் சொன்னார். அவளும் சிரித்துக்கொண்டே வந்தாள். அவள் அதை விரிக்கும்போது நான் தாழ்ந்த குரலில் சொன்னேன், "போத்தாதீங்கம்மா. கோணலா இருக்குதுன்னு கயிற மாத்தி ஒட்டுனது நான்தான்."

அவள் சிரிப்பு நின்றது. பொன்னாடையை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு அங்கேயே தரையில் உட்கார்ந்தாள். முழங்காலைப் பிடித்துக்கொண்டாள். கைதட்டல் மட்டும் ஓயாமல் கேட்டது. பி.டி. மாஸ்டருக்கு ஒன்றும் புரியவில்லை.

கூட்டம் கலைந்த பிறகு அவளே பேசினாள். ஒவ்வொரு ஊர் மேடையும் ஒவ்வொரு அளவாம். அதனால் ஒவ்வொரு மேடையிலும் தன் காலால் அளந்து, வளைவை அவளே ஒட்டுவாளாம். அன்று ஒட்டிவிட்டுச் சாப்பிடப் போனவள் திரும்பி வந்து மேடையைப் பார்க்கவில்லையாம்; வளைவு எங்கே என்று மற்றவர்களுக்குத் தெரியாதாம். "வளைவு வரல, வரலன்னு நெனச்சிக்கிட்டே வந்தேன். இன்னும் பத்தடி வரலபோலன்னு நெனச்சேன்" என்றாள். முழங்கால் உறையைச் சரிசெய்துகொண்டே, "கேட்டிருக்கலாமே சார்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

கோணலான வரப்பைக் கோணலாகவே அளந்து வரைய வேண்டும் என்பது என் தொழிலின் முதல் பாடம். இருபத்தாறு வருடத்தில் யாருடைய நிலத்திலும் ஒரு வளைவை நான் நேராக்கியதில்லை. நேராக்கியிருந்தால் வேலை போயிருக்கும். காகிதத்தில் ஒரு விரல் அகலம்கூட மீறாத நான், அடுத்தவர் உயிரைப் போல நம்பி நடந்த கயிற்றை ஒரு வார்த்தை கேட்காமல் உரித்துப் போட்டேன். அந்தக் கயிற்றை அன்று நானே பிரித்தெடுத்து, சுருட்டி அவள் கையில் கொடுத்தேன். அவள் வாங்கிக்கொண்டாள்.

நடந்தே வீடு திரும்பினோம். வழியில் மனைவி, "நல்ல வேளை, உங்க தோளு இருந்த எடத்துல இருந்துச்சி" என்றாள்.

பங்குனியில் தொண்டூர்ப் பக்கம் ஒரு நிலத்தை அளக்கப் போனேன். வரப்பு ஓரிடத்தில் காரணமில்லாமல் வளைந்திருந்தது. நிலத்துக்காரர் அதைப் பற்றி ஏதோ சொல்ல வாயெடுத்தார். வழக்கமாக நான், "அதெல்லாம் வேணாங்க, நகருங்க" என்பேன். அன்று டேப்பைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டேன். அந்த இடத்தில் முன்பு ஒரு கிணறு இருந்ததாம். தூர்ந்த பிறகும் அதன் மேல் ஏர் ஓட்ட யாருக்கும் மனம் வரவில்லையாம். இப்போதெல்லாம் எங்கு போனாலும் இது ஏன் இப்படி வளைகிறது என்று முதலில் கேட்டுவிடுகிறேன். பதில் வரும்வரை காத்திருக்கும் அந்தக் கொஞ்ச நேரம், என் இடது தோளில் யாரோ இன்னும் காலை எடுக்காமல் நிற்பது போலவே இருக்கிறது.