சூடம் காட்டி ஏறிய ராக்கெட்

ஒன்பதாவதோடு பள்ளியை விட்டு ஊர் சுற்றிய காலத்தில், பம்பாயில் ஒரு பொம்மைக்கடையில் தரை துடைத்தேன். அங்கே கண்ணாடிக்குள் இருந்த ராக்கெட் பறப்பதைப் பார்த்துவிட வேண்டும் என்று ஆசை. இப்போது அந்த மாடலே வருவதில்லை. அதனால் நானே செய்தேன். உடலுக்கு, தி.நகர் ஜவுளிக்கடையில் துணி சுற்றி வரும் அட்டைக்குழாய். மூக்குக்கு, ஆணி பிடுங்கிய பம்பரம். பாராசூட்டுக்குக் குடைத்துணி. ஆறு மாதம் அலைந்தும், அதை மேலே தள்ளும் மருந்துக்குழல் மட்டும் பழைய சரக்கில் ஒன்றே ஒன்றுதான் கிடைத்தது.

சைதாப்பேட்டை ஆற்றோரத் திடலில் நிறுத்தினோம். ஆட்டோ ஓட்டும் நண்பன் அதற்குக் குங்குமம் வைத்தான்.

"புது வண்டி மச்சி. சூடம் காட்டாம எப்டி எடுப்ப?"

காட்டினான். இருவரும் கண்ணை மூடிக் கும்பிட்டோம். புஸ்ஸென்று சத்தம். சூடம் ராக்கெட்டின் திரியில் பட்டுவிட்டது. கண்ணைத் திறந்தால் வெறும் புகை.

"மேல போச்சாடா?" என்றேன்.

"நான் சாமி கும்ட்டுக்கினு இருந்தேன். நீ இன்னா பண்ணிக்கினு இருந்த?"

அண்ணாந்து பார்த்தோம். ஆற்றுக்கு மேலே குடைத்துணி விரிந்து, ராக்கெட் நிதானமாக வந்துகொண்டிருந்தது.

"எறங்குதுன்னா ஏறிக்கீதுன்னுதானே நைனா அர்த்தம்?" என்றான்.

அது தண்ணீரைத் தொடும்வரை நான் இமைக்கவே இல்லை.